ஒரு தட்டு தட்டினால் எரிகிறது

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் தோப்பு மோட்டார் அறையில் ஒயர் கருகிவிட்டது. கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. உனக்குப் பிடிக்காத வாசனை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னத்தப் பொசுக்குதீய?" என்று கேட்டபடி அடுப்படியிலிருந்து வருவாய். இன்று யாரும் வரவில்லை. மெயினை அணைத்தேன். கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத்துண்டு வைத்து முறுக்கி டேப் சுற்றினேன். மோட்டார் ஓடியது. ஆனால் வாசனை கையை விட்டுப் போகவில்லை. மத்தியானம் சோறு பிசையும்போதும் இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஜீப் என்ன ஆயிற்று என்று உனக்கு இன்னும் சொல்லவில்லை.

அதற்கு முன் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நீ முந்திக்கொண்டது சரியில்லை. என்னைவிட வயதில் சிறியவள், என்னைவிட நன்றாக நடப்பவள், மாத்திரை என்று ஒன்றைக் கையால் தொடாதவள். எதற்கும் ஒரு வரிசை உண்டு. நான் வரிசையை மீறியதில்லை. நீ மீறினாய். உன் படத்துக்கு முன்னால் நின்று இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். எழுத்திலும் இருக்கட்டும்.

சாரல் தொடங்கிய சமயம் நம் பையன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். ஜீப்பின் பதிவு முடியப்போகிறது என்று அவன்தான் ஆரம்பித்தான்.

"இனிமே எதுக்குப்பா அது? பழைய இரும்புக்குக் குடுத்துருவோம்."

"ஓடுத வண்டிய எதுக்குலே இரும்புக்குப் போடணும்?"

"எங்கன ஓடுது? மழையில ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடுது. இண்டிகேட்டர் போட்டா ஹாரன் அடிக்கி. நேத்து டேஷ்போர்டுல பொக வந்துச்சா இல்லியா?"

"அது ஒயரிங். மாத்துனா சரியாயிரும்."

"யாரு மாத்துவா?"

அந்த வண்டியை வாங்கியபோது ஒயரிங் செய்தது யார் என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் செய்கிற சோதனையில் தேறினால் ஜீப் என்னிடம் இருக்கும். தேறாவிட்டால் மறுபேச்சில்லாமல் இரும்புக் கடைக்குப் போகும். சரி என்றேன். சொன்ன சொல்லில் நிற்பவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. பிடிவாதக்காரன் என்பதும் அதே பெயர்தான் என்பாய் நீ.

அவன் மனசுக்காகத் தென்காசியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, என்ன இது? ஒயரப் பிச்சிப்பூ மாதிரி கட்டி வச்சிருக்கீய!"

உனக்கு நினைவிருக்கும். செங்கோட்டைக்கு அப்பால் ஒரு மலைத்தோட்டத்தில் ஓடிய ஜீப் அது. வாங்கி வந்தபோது, கண்ட ஒயரும் கண்ட ஒயரோடு முடிந்து, வீட்டுக்குக் கரண்ட் இழுக்கிற ஒயர்கூட உள்ளே கிடந்தது. எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், தெரிந்தது. மழையில் டேப் ஒட்டவில்லை. ஒயர்கள் கட்டுக்கு அடங்காமல் விரிந்து கிடந்தன. நீ வந்து கொஞ்ச நேரம் பார்த்தாய். உள்ளே போய் நூலும் மெழுகுவர்த்தியும் எடுத்து வந்தாய். நூலில் மெழுகைத் தேய்த்து, ஒயர்களை மொத்தமாகக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, பூக்கட்டுவதுபோல் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனாய். "மெழுகு இருந்தா நூலு மக்காது" என்றாய். மக்கவில்லை. ஒயர் வெடித்து இற்றுப்போயிருந்தது, உன் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.

"இதையெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டு ரெடிமேட் செட்டு மாட்டிருவோம் அண்ணாச்சி" என்றான் எலக்ட்ரீஷியன், கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு.

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன்மேல் தப்பில்லை. வெட்டுவதற்கு ஆள் வேண்டாம், அவ்வளவுதான்.

நானே செய்தேன். பழைய ஒயர்க்கட்டை அறுக்காமல் ஒரே உருப்படியாக உருவி வெளியே எடுத்து, முற்றத்தில் சாக்கை விரித்து அதன்மேல் நீளமாகக் கிடத்தினேன். அதை அளவாக வைத்துப் புது ஒயர்களை வெட்டினேன். குனிந்தால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தால், எழுந்திருக்க வழியில்லை. உருண்டு பக்கவாட்டில் விழுந்து, கதவைப் பிடித்து எழுந்திருக்க வேண்டும். புதுக்கட்டுக்கு உன் முடிச்சைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. ஒன்று இறுகுகிறது, அல்லது அடுத்த முடிச்சுக்குள் முந்தினது அவிழ்கிறது. பார்த்தே எல்லாம் படித்தவன் நான். இந்த ஒன்றைப் பார்க்க எனக்கு அன்றைக்கு எங்கே நேரம்? டேப்பைச் சுற்றினேன்.

இதுவரைக்கும் ஒருவனால் முடியும். இதற்குமேல்தான் ஒருவனால் முடியாது. வண்டியில் பிரேக் விளக்கு இருப்பது பின்னால், மிதிப்பது முன்னால். மிதிக்கிறவனால் பார்க்க முடியாது, பார்க்கிறவனால் மிதிக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும்.

அந்தக் காலத்தில் அதற்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன். நான் சீட்டில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டு, "எரியுதா?" என்று கத்துகிறேன். பின்னாலிருந்து பதில் இல்லை. "ஏட்டி, எரியுதா?" அப்போதும் இல்லை. இறங்கி வந்து பார்த்தால் நீ உதட்டை மடித்துக்கொண்டு நிற்கிறாய். கண்ணால் காட்டினாய். முற்றத்து வேப்பமரத்தடியில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா இருக்காவல்லா. எப்படிச் சத்தம் போடட்டும்?" என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மாமனாருக்கு முன்னால் மருமகள் குரல் உயர்த்தாத வீடு. அதற்காக நான் ஒவ்வொரு தடவையும் இறங்கி வர முடியுமா? அப்போதுதான் அந்த ஏற்பாடு. எரிந்தால் பின்கதவில் ஒரு தட்டு. எரியாவிட்டால் இரண்டு தட்டு. இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து நீ தகரத்தில் தட்டுவாய். டங். அந்தச் சத்தம் சீட்டு வழியாக என் முதுகுக்கு வந்து சேரும்.

பிரேக்குக்கு ஒரு தட்டு. பார்க்கிங் விளக்குக்கு ஒரு தட்டு. இடது இண்டிகேட்டர் போட்டேன். தட்டே இல்லை. மறுபடியும் போட்டேன். இல்லை. "எரியுதா, இல்லியாட்டி? ரெண்டுல ஒண்ணு தட்டித் தொலையேன்!" என்று கத்தினேன். அந்த நேரத்தில் அப்படித்தான் கத்துவேன். பிறகு உன் குரல் கேட்டது. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்த முற்றத்தில் அவ்வளவு உயரத்தில் உன் குரலை யாரும் கேட்டதில்லை.

"எரியுது! ஆனா எடதுல இல்ல, வலதுல எரியுது! அதுக்கு எத்தன தட்டணும்னு நீங்க சொல்லலியே!"

அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் நாற்காலியில் அசையவில்லை.

"ஏலே, ஒயர மாத்திக் கொடுத்துட்டு அவகிட்ட எதுக்குல சாடுத? மருமவ வெளங்கச் சொல்லுதால்லா" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீ சத்தமாகவே பேசினாய். ஆனால் ஜீப் வேலை என்றால் மட்டும் தட்டுத்தான். பேசலாம் என்று ஆன பிறகும் ஏன் தட்டினாய் என்று ஒருநாள் கேட்டேன். "வாயால சொன்னா நீங்க எங்கன நம்புதீய?" என்றாய். பின்கதவில் அந்த இடத்தில் பெயின்ட் உரிந்து, பெயின்ட் அடித்து, மறுபடி உரிந்து, கடைசியில் நான் அடிப்பதை விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை பையனைப் பின்னால் நிறுத்தினேன். தட்டச் சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வரும், அதனால் சொல்லச் சொன்னேன்.

"எரியுதாலே?"

"எரியுதுப்பா."

"ரெண்டும் எரியுதா?"

"ரெண்டும் எரியுதுப்பா. ஜோரா இருக்கு."

எனக்குச் சந்தோஷம். காலை எடுத்துவிட்டுக் குனிந்தால், பிரேக் சுவிட்ச் ஒயர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் அதை இன்னும் மாட்டவே இல்லை.

இறங்கிப் போனேன். அவன் கையில் போன் இருந்தது.

"என்னத்தலே பாத்த?"

"செவப்பா தெரிஞ்சுதுப்பா..."

"அது கண்ணாடிலே. செவப்புக் கண்ணாடி செவப்பாத்தான் தெரியும்."

அவன் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான், எனக்குத் தெரியாதா? ஆறுதலுக்குச் சொல்கிற பொய்யை வைத்துக்கொண்டு நான் வண்டி ஓட்ட முடியாது. நீ ஒருநாளும் எரியாத விளக்குக்கு ஒரு தட்டு தட்டியதில்லை. அடுத்த நாள் அவன் ஊருக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பின்னால் நிற்கிறவனின் வேலை எவ்வளவு சங்கடமானது என்று எனக்கும் ஒரு தடவை தெரிந்தது. உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோன அன்று. உன் பக்கத்தில் பையன் உட்கார்ந்தான். இன்னொருவருக்கு இடமில்லை என்றார்கள். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். நல்ல மழை. ஆம்புலன்ஸின் பின்விளக்குகளைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. பாவூர்சத்திரம் வரைக்கும் சைரன் கேட்டது. ஆலங்குளம் தாண்டியதும் நின்றுவிட்டது. வேகமும் குறைந்தது. போக்குவரத்து இல்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னாலேயே வந்தேன். இரண்டு விளக்கும் நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு வருவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதை விடு. ஒயரை மாட்டினேன். பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னமட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். மட்டை நழுவிவிட்டது. மறுபடி வைத்தேன். இம்முறை நின்றது. பிரேக் விளக்கு எரிவதற்குப் பதிலாக இண்டிகேட்டர் மங்கலாக மினுங்கியது. நான் திரும்பி நடப்பதற்குள் மறுபடியும் மட்டை நழுவியது. இப்படியே ஒரு பகல் முழுக்கப் போயிற்று.

கோளாறு என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. விளக்குக்குக் கரண்ட் போவதற்குத்தான் ஒயர் உண்டு. திரும்பி வருவதற்கு ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் துரு பிடித்திருந்தால் திரும்ப வழியில்லாமல் பக்கத்து விளக்குக்குள் புகுந்து தடுமாறும். நான் போட்ட ஒயர் எல்லாம் புதிது. உடம்புதான் துரு. சரி, உடம்பை நம்ப வேண்டாம் என்று, விளக்கிலிருந்து பேட்டரி வரைக்கும் தனியாக ஒரு கறுப்பு ஒயரை இழுத்தேன். துருவைப் பற்றி நான் மேற்கொண்டு யோசித்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். அன்றைக்கு எனக்கு விளக்கு எரிந்தால் போதும்.

எரிகிறதா என்று பார்க்க மட்டையை நம்பிப் பிரயோஜனமில்லை. வீட்டுக்குள் போய் உன் கண்ணாடியை எடுத்து வந்தேன். நீ தலை வாருகிற, ஆளுயரக் கண்ணாடி. அதை இடம் மாற்றக் கூடாது என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறாய். ஜீப்புக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பி உன் கண்ணாடி தெரிகிற மாதிரி வைத்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் தூறியது. பிரேக்கை மிதித்தேன்.

சிவப்பாக மூன்று தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவது விளக்கு எங்கே இருக்கிறது? எந்த ஒயர் எதோடு சேர்ந்து தொலைத்தது? காலை எடுத்தேன். இரண்டு அணைந்தது, ஒன்று அணையவில்லை. மறுபடி மிதித்தேன், எடுத்தேன். அந்த ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி விளிம்பில் நீ ஒட்டி வைத்த பொட்டு. ஆம்புலன்ஸ் வந்த அன்று குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டியது. திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடியைத் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பொட்டின்மேல் தண்ணீர் படவிடவில்லை.

விளக்கு எரிகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் சீட்டில் ஏறி மிதித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணால் பார்த்தாயிற்று, இன்னும் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. முதுகு தட்டுக்காகக் காத்திருந்தது.

சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோன அன்று குற்றாலத்துக்குப் போகிற கூட்டம். தென்காசி போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. மைதானத்தில் வரிசையாக வண்டிகள். நம் முறை வந்தது. ஒரு ஊழியர் பின்னால் போய் நின்றார்.

"எடது இண்டிகேட்டர் போடுங்க அண்ணாச்சி. வலது. பார்க்கிங். பிரேக்க மிதிங்க."

மிதித்தேன். பின்கதவில் ஒரு தட்டு விழுந்தது.

கையாலா, பேனாவாலா, தெரியவில்லை. எல்லா வண்டிக்கும் அப்படித்தான் தட்டி அடுத்ததற்குப் போகிறார் போலும். எனக்கு அது சீட்டு வழியாக முதுகுக்கு வந்தது.

"கால எடுங்க அண்ணாச்சி."

என்னால் எடுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, எரியுது. பாத்தாச்சு. கால எடுங்க."

எடுத்தேன். அதிகாரி ஒரு சின்னச் சுத்தியலோடு குனிந்து வண்டிக்கு அடியில் தட்டிப் பார்த்தார். அது வேறு சத்தம். டங் என்று கேட்கவில்லை. ஊறின பலகையைத் தட்டுகிற மாதிரி பொத் பொத் என்று. துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஓரிடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. நல்ல மனிதர். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்துதான் சொன்னார்.

"லைட்டு எல்லாம் புது வண்டி கணக்கா எரியுது அண்ணாச்சி. யாரு ஒயரிங் பண்ணுனா?"

"நான்தான்."

"பிரமாதம். ஆனா பின்னால அடிச்சட்டமே இல்லியே. வளைவுல உடைஞ்சுதுன்னா என்ன செய்வீய?"

"வெல்டு வச்சுக் கொண்டாரேன்."

"வெல்டு வைக்கதுக்கு இரும்பு வேணும்லா அண்ணாச்சி."

சாவியைத் திருப்பி வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடுத்தேன்.

சொன்ன சொல் சொல்தான். பையன் போனில், "வேணும்னா இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல நிக்கட்டும்ப்பா" என்றான். வேண்டாம் என்றேன். கட்டி இழுத்துப் போக இரும்புக் கடைக்காரன் ஆள் அனுப்புவதாகச் சொன்னான். அதுவும் வேண்டாம் என்று நானே ஓட்டிக்கொண்டு போனேன். சாரல் விடாமல் தூறியது. எதிரே வண்டி வந்தால் மெதுவாக மிதித்தேன். ஆடு குறுக்கே வந்தால் மிதித்தேன். எதுவும் வராத இடத்திலும் மிதித்தேன். பின்னால் வந்தவர்களுக்கு விளக்கு தெரிந்திருக்கும்.

உன் முடிச்சுப் போட்ட பழைய ஒயர்க்கட்டையும் கடைக்காரன் கேட்டான். "உள்ள செம்பு கெடக்குல்லா" என்றான். அது மோட்டார் அறையில் ஆணியில் தொங்குகிறது. கேட்டால் எதற்கு என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது எங்கே போவதானாலும் பையன் காரில்தான். வந்தால் கூட்டிப் போகிறான், வராவிட்டால் வீட்டில் இருக்கிறேன். முன்னால் இடது பக்கம் உட்காருகிறேன். தென்காசிச் சந்தியில் அவன் பிரேக் அடிக்கும்போதெல்லாம் என் வலது கால் தானாக மிதிக்கிறது. காலடியில் பெடல் இல்லை, வெறும் மிதியடிதான் இருக்கிறது. "ஏன்ப்பா பயப்படுதீய? நான் பாத்துத்தான் ஓட்டுதேன்" என்கிறான். பயமில்லை என்று சொன்னால் பிறகு என்ன என்று கேட்பான். அதனால் பயம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் காலை எடுப்பதில்லை. முதுகைச் சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தட்டோ, இரண்டு தட்டோ, எதுவானாலும் நான் நம்புவேன்.